புது ப்ளக் வாங்கும் முன் பழையதைக் கழற்றிப் பாருங்கள்

தருமபுரிக்காரர் ஒருவரின் கேள்வி இது. 1.2 லிட்டர் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், ஒவ்வொரு ஸ்பார்க் ப்ளக்கின் மேலேயும் தனித்தனிக் காயில். ஓடியது 78,000 கிலோமீட்டர், இதுவரை ப்ளக் மாற்றிய ஞாபகம் இல்லை. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. சேலம் போய்விட்டுத் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் வண்டி குலுங்குகிறது, இழுவை இல்லை. போன வாரம் செக் எஞ்சின் விளக்கு கொஞ்ச நேரம் கண் சிமிட்டியிருக்கிறது. ஒரு மெக்கானிக் "இரிடியம் போட்டால் வண்டி பறக்கும்" என்கிறார். இன்னொருவர் "நம்ம ஊர் வெயிலுக்குக் கோல்ட் (குளிர்) ப்ளக்தான் சரி" என்கிறார். எதை வாங்குவது, நானே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

மாட்டிக்கொள்ளலாம். இரண்டு மெக்கானிக் சொன்னதையும் அப்புறம் பார்ப்போம். முதலில் ஏன் தொப்பூரில் மட்டும் மிஸ் அடிக்கிறது, அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுகிறது, என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

ப்ளக்கின் முனையில் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி. பாட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது, அந்த அழுத்தத்தில்தான் பொறி இடைவெளியைத் தாண்டுகிறது. வெளியே காற்றில் தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றையும் பெட்ரோலையும் நெருக்கி வைத்திருக்கும்போது தாண்டுவது கஷ்டம். சமதளத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதிக்கும்போது உள்ளே போகும் காற்று குறைவு, நெருக்கமும் குறைவு. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் சிலிண்டர் நிறையக் காற்று போகிறது, பொறி தாண்டத் தேவையான வோல்ட்டும் கூடுகிறது. ப்ளக் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் இன்னும் கூடுதல் வேண்டும். காயிலால் அவ்வளவு தர முடியாத கணத்தில் ஒரு சிலிண்டர் எரியாமல் போகிறது. தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓட்டும்போது அந்தக் கணம் வரவே வராது. தொப்பூரில் நிமிடத்துக்கு நிமிடம் வரும்.

தேய்மானம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. ஆக நிமிடத்துக்கு 1,000 பொறி, கிலோமீட்டருக்கும் 1,000 பொறி. 30,000 கிலோமீட்டரில் ஒரு ப்ளக் மூன்று கோடி முறை இடி வாங்குகிறது. உங்கள் ப்ளக் அதையும் தாண்டி 78,000 வரை வந்திருக்கிறது. சாதா நிக்கல் ப்ளக் என்றால் அது தேய்ந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை, இன்னும் எரிகிறதே என்பதுதான் ஆச்சரியம்.

இருந்தாலும் கடைக்கு ஓடாதீர்கள். நாலையும் கழற்றி, ஒரு பழைய அட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதி அந்தந்த இடத்தில் வையுங்கள். பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் ஒன்றாம் சிலிண்டர். வரிசை கலைந்தால் எந்த சிலிண்டர் எதைச் சொல்கிறது என்பது போய்விடும்.

கழற்றுவதைக் காலையில் செய்யுங்கள், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ப்ளக் மாட்டியிருக்கும் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரை ப்ளக்கோடு சேர்ந்து பிய்ந்து வரும் அபாயம் உண்டு. காயிலை எடுத்த பிறகு, ப்ளக்கைக் கழற்றும் முன், ப்ளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் காற்றடியுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மண்ணில் ஓடுகிற வண்டியில், அதிலும் கிரானைட் குவாரிப் பாதையில் போய்வருகிற வண்டியில், அந்தக் குழியில் இருக்கும் தூசியைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அத்தனையும் ப்ளக் வெளியே வந்த அடுத்த நொடி சிலிண்டருக்குள் விழும். பஞ்சர் கடைக் காற்று போதும், ஆனால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். காயிலை இழுக்கும் முன் இடமும் வலமுமாகத் திருப்பி ரப்பரை இளக்கிவிட்டு இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் கிழியும்.

இப்போது முனைகளைப் பாருங்கள். பீங்கான் முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் உள்ளே எல்லாம் ஒழுங்கு, வயசு மட்டும்தான் ஆகியிருக்கிறது. வறண்ட கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வண்டி தினமும் இரண்டு கிலோமீட்டர் மார்க்கெட் போய்த் திரும்புவதோடு சரி. ஈரமாக எண்ணெய் படிந்து கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ எண்ணெய் விடுகிறது. அதற்கு எந்த ப்ளக்கும் மருந்தாகாது, தங்கத்திலேயே ப்ளக் செய்து போட்டாலும் மூன்று மாதத்தில் திரும்பக் கறுக்கும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கொப்புளம் கண்டிருந்தால் அந்த சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. நாலில் மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் வேறாக இருந்தால் சந்தேகத்தை அந்த சிலிண்டர் பக்கம் திருப்புங்கள்.

இரண்டு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணெய் முனையில் இருப்பதும் மேலே குழிக்குள் இருப்பதும் ஒன்றல்ல. குழிக்குள் எண்ணெய் நின்றால் அது வால்வு கவரின் சீல் கசிவு, சின்ன வேலை, ரிங் போய்விட்டது என்று பயந்து எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்து, வெள்ளைப் பீங்கானின் வெளிப்புறத்தில், இரும்பு உடம்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே பழுப்பு வளையம் ஒன்று தெரியலாம். அதைப் பார்த்து "கேஸ் லீக்" என்பார்கள். உயர் மின்னழுத்தம் சுற்றியிருக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறை அது. ஒன்றும் செய்யாது.

குழிக்குள் தண்ணீர் இருந்தால்? வாட்டர் சர்வீஸில் எஞ்சினைப் பளபளப்பாக்கித் தரச் சொல்லியிருப்பீர்கள். அந்தத் தண்ணீர் குழிக்குள் நின்று, பொறி ரப்பரின் ஓரமாகக் கசிந்து ஹெட்டுக்குப் போய்விடும். காயவைத்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடுகின்றன.

சரி, வாங்குவதற்கு வருவோம். ப்ளக்கில் கார் தயாரித்தவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட விஷயங்கள் நாலைந்து. அவற்றில் நாம் கைவைக்கக் கூடாது. மரையின் குறுக்களவு, மரையின் நீளம், வாஷர் வைத்து உட்காருகிறதா கூம்பாக உட்காருகிறதா, வெப்ப எண், இடைவெளி. இது எல்லாம் வண்டியோடு வந்த கையேட்டில் ஒரே வரியில் இருக்கும். கையேடு தொலைந்துவிட்டால் ப்ளக் கம்பெனிகளின் பட்டியலில் மாடலையும் ஆண்டையும் பார்த்து எடுக்கலாம். பழைய ப்ளக்கின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், முன்னால் மாட்டியவர் தப்பாக மாட்டியிருக்கலாம்.

அந்த எழுத்துகளுக்கு அர்த்தம் உண்டு. என்ஜிகே என்ற ப்ளக் கம்பெனியின் பிகேஆர்6இ-11 (BKR6E-11) ப்ளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிகே என்றால் 14 மில்லிமீட்டர் மரை, ஸ்பேனர் பிடிக்கும் இடம் 16 மில்லிமீட்டர். ஆர் என்றால் உள்ளே மின்தடை இருக்கிறது. 6 வெப்ப எண். இ என்றால் மரை நீளம் 19 மில்லிமீட்டர். கடைசி 11 இடைவெளி, 1.1 மில்லிமீட்டர். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ப்ளக். கடைக்காரர் "இதுவும் அதே சைஸ்தான், உட்காரும்" என்றால், உட்காரும், அதில் பொய் இல்லை. மரை நீளம் குறைந்த ப்ளக்கும் உட்காரும், ஆனால் பொறி ஒரு பொந்துக்குள் ஒளிந்துகொண்டு எரியும், மிச்சமிருக்கும் ஹெட் மரையில் கரி அப்பிக்கொண்டு பின்னால் சரியான ப்ளக் நுழையாது. நீளம் கூடிய ப்ளக்கும் உட்காரும், முதல் சுற்றிலேயே பிஸ்டன் அதன் மூக்கில் இடிக்கலாம்.

ஆர் என்ற எழுத்தையும் அலட்சியப்படுத்த வேண்டாம். ரேடியோவில் கரகரப்பு வராமல் இருக்கத்தான் அந்த மின்தடை வந்தது. இன்று எஞ்சினையே கம்ப்யூட்டர் ஓட்டுகிறது, பொறியின் இரைச்சல் அதன் காதிலும் விழும்.

அடுத்து வெப்ப எண். இங்கேதான் அந்தக் கோல்ட் ப்ளக் பேச்சு வருகிறது. ஹாட் ப்ளக் என்றால் சூடான பொறி என்று நினைக்கிறார்கள். பொறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முனையில் ஏறும் சூட்டை ப்ளக் எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதுதான் கணக்கு. உள்ளே பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு சுற்றுவழியில் போக வேண்டும், முனை சூடாகவே இருக்கும், அது ஹாட். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும், அது கோல்ட். முனை ஏறத்தாழ 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும், அப்படி எரிந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும்படி கணக்குப் பார்த்துத்தான் கம்பெனி ஓர் எண்ணைச் சொல்கிறது.

சிலிண்டருக்குள் எரியும் வாயு 2,000 டிகிரியைத் தாண்டுகிறது. ஹெட்டைச் சுற்றி ஓடும் தண்ணீரை தெர்மோஸ்டாட் 90 டிகிரி பக்கம் பிடித்து வைக்கிறது. தருமபுரியில் மே மாதம் 40 டிகிரியைத் தொட்டாலும், ஓசூரில் மார்கழிக் காலையில் பனி விழுந்தாலும் ப்ளக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நம்ம ஊருக்கென்று கோல்ட் ப்ளக் போட்டால், ஊருக்குள் ஓடும் வண்டியில் முனை 500-ஐத் தொடாது, கரி சேரும், அதே மிஸ் திரும்ப வரும். எஞ்சினின் சக்தியைக் கூட்டி டியூன் செய்த வண்டிக்கும் பந்தய வண்டிக்கும் கோல்ட் ப்ளக் தேவைப்படும். உங்களுக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏற ப்ளக் கோல்ட். பாஷ், சாம்பியன் இரண்டிலும் எண் ஏற ஏற ஹாட். என்ஜிகேயின் 6-க்கு டென்சோவில் 20 என்று போட்டிருக்கும். ஆகவே ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனிப் பெட்டியில் தேடாதீர்கள்.

இரிடியம் போட்டால் வண்டி பறக்குமா? பறக்காது. இரிடியத்தின் பெருமை ஆயுசு. நிக்கல் உருகுவது 1,455 டிகிரியில், பிளாட்டினம் 1,768-இல், இரிடியம் 2,446-இல். அவ்வளவு உறுதியான உலோகம் என்பதால் நடு முனையை 0.6 மில்லிமீட்டர் கனத்துக்குக்கூட மெலிதாக்க முடிகிறது. நிக்கலில் அது 2.5 மில்லிமீட்டர். கூர்மையான முனையிலிருந்து பொறி குறைந்த வோல்ட்டில் கிளம்பும், காயிலுக்குப் பாரம் குறையும், முனையும் லேசில் தேயாது. நிக்கல் 30,000, 40,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியிருந்தால் இரிடியம் ஒரு லட்சம் பக்கம் வரும். தேய்ந்த நிக்கலைக் கழற்றி இரிடியம் மாட்டியவர் "என்னமா இழுக்குது" என்பார். புது நிக்கலை மாட்டியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

என் யோசனை இது. கையேட்டில் இரிடியம் போட்டிருந்தால் இரிடியமே வாங்குங்கள், காசுக்காக இறங்காதீர்கள். நிக்கல் போட்டிருந்தால் நிக்கலே போதும். மாதம் நாலுமுறை சேலம், பெங்களூர் என்று ஓடுகிறவர் என்றால் அதே மரை, அதே வெப்ப எண், அதே இடைவெளியில் இரிடியம் போட்டுக்கொள்ளலாம், விலை நாலைந்து மடங்கு வரும். வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது தண்டம். "காப்பர் ப்ளக்" என்று கடையில் சொல்வதும் இந்த நிக்கல்தான். உள்ளே சூடு கடத்தச் செம்பு, வெளியே முனை நிக்கல் கலவை.

பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். நானே ஒருமுறை ஒரு கடையில் நாலு வாங்கி வந்து அளந்தால் நாலும் நாலு இடைவெளி, ஒன்றில் பக்க முனை ஒருக்களித்துக்கொண்டு நிற்கிறது. டூப்ளிகேட். எழுத்து நகத்தால் சுரண்டினால் போகிறதா, வாஷர் கையோடு கழன்று விழுகிறதா, மரை கரடுமுரடாக இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மேல் முனைக்கும் நடு முனைக்கும் இடையே ஆர் ப்ளக் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும், 5,000 பக்கம். ஆர் என்று எழுதிவிட்டுப் பூஜ்யம் காட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

இடைவெளியைப் புது ப்ளக்கிலும் அளந்து பாருங்கள், வழியில் எங்காவது விழுந்து அடிபட்டிருக்கலாம். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நுழைய வேண்டும். கூடக் குறைய இருந்தால் பக்க முனையை மட்டும் வளையுங்கள். இரிடியத்தின் நடு முனையில் எதையும் வைத்து நெம்பினால் ஒடிந்துவிடும். கீழே விழுந்த ப்ளக்கை மாட்டாதீர்கள். பீங்கானில் முடி அளவு விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஏற்றத்தில்தான் தெரியும். கேஸ் கிட் போட்ட வண்டி என்றால் கேஸ் பற்றுவதற்குக் கூடுதல் வோல்ட் கேட்கும், அங்கே இடைவெளியைக் கிட்காரர் சொன்ன அளவுக்குக் குறைப்பார்கள்.

உப்புத்தாளை எடுக்காதீர்கள். இந்தப் பக்கம் அந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50 1980-இல் வந்தது. டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், ப்ளக் கறுக்காமல் என்ன செய்யும்? சீட்டுக்கடியில் ஒரு துண்டு உப்புத்தாள் இல்லாத வண்டியே கிடையாது. காரிமங்கலம் ரோட்டோரத்தில் ப்ளக்கைத் தேய்த்து ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், நானும் உட்கார்ந்திருக்கிறேன். அன்று அது சரி. இன்றைய ப்ளக்கை உப்புத்தாளுக்குப் பதில் கம்பி பிரஷால் தேய்த்தாலும் அது பீங்கான் மேல் உலோகத் தீற்றல் விடும், அதன் வழியே மின்சாரம் கசியும். இரிடியம் முனையோ தேய்ந்தே போகும்.

மாட்டும்போது ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். ஒரு சாண் பெட்ரோல் ஹோஸ் எடுத்து ப்ளக்கின் தலையில் செருகி, குழிக்குள் இறக்கி, ஹோஸை விரலால் திருகுங்கள். முதலில் இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் மரையோடு மரை விழுகிற சின்னத் துள்ளல் கைக்குத் தெரியும், அங்கிருந்து வலப்பக்கம். கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கும், ப்ளக் திரும்பாது, அதுதான் ஹோஸின் அருமை. ராட்செட் அப்படி வழுக்காது, கோணலாகவே இறக்கிவிடும். எனக்கு இது இருபது வயதில் புரிந்தது. அவசரத்தில் மூன்றாம் சிலிண்டர் ப்ளக்கை நேராக ராட்செட்டில் வைத்துத் திருகினேன், கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, இருக்கட்டும் என்று அழுத்தினேன். ஹெட் மரை போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி கிருஷ்ணகிரியில் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், மரையைப் பெரிதாக வெட்டி உள்ளே புது மரைச் சுருள் இறக்கி வாங்கி வந்தோம். வண்டிக்காரர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

கையால் முழுக்க இறங்கிய பிறகு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச். 14 மில்லிமீட்டர் ப்ளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20, மெலிந்த 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12 தான். டார்க் ரென்ச் இல்லாவிட்டால், வாஷர் வைத்த புது 14 மில்லிமீட்டர் ப்ளக்கை விரல் இறுக்கத்துக்குப் பின் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை. வாஷர் நசுங்குவது கையில் தெரியும். பழைய ப்ளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். கூம்பு வகைக்கு அதைவிடவும் குறைவு, பதினாறில் ஒன்று. தளர்வாக விட்டாலும் ஆபத்துதான், ப்ளக்கின் சூடு மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. சரியாக உட்காராத ப்ளக் எந்த எண்ணாக இருந்தாலும் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

மரையில் கிரீஸோ, மரை ஒட்டிப் பிடிக்காமல் இருக்கப் போடும் ஆன்ட்டி சீஸ் பசையோ தடவச் சொல்வார்கள். இப்போதைய ப்ளக்கின் மரையில் முலாம் பூசியே வருகிறது. வழுவழுப்பைக் கூட்டினால் அதே டார்க்கில் ப்ளக் இன்னும் இறுகி, மரை இழுபடும். காயில் ரப்பரின் உள்விளிம்பில் மட்டும் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவலாம், அடுத்த முறை சுலபமாகக் கழலும்.

பக்க முனை எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும் என்றும் சிலர் கேட்பதுண்டு. திறந்த வாய் இன்டேக் வால்வைப் பார்க்கும்படி வாஷர் மாற்றி மாற்றி நிறுத்துகிற பழக்கம் பந்தயக்காரர்களுடையது. தெருவில் ஓடும் காரில் அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங் சீராக இருக்க வேண்டும். அடுத்த முறை சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் எப்போதும் போல ஏற்றுங்கள். குலுக்கல் போயிருந்தால் விஷயம் முடிந்தது. போகவில்லை என்றால், எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். பி0303 என்று வந்தால் மூன்றாம் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, பி0300 என்றால் எங்கெங்கோ. பி0303 வந்ததும் காயில் வாங்க ஓட வேண்டாம். மூன்றாவதில் இருக்கும் காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை மூன்றாவதிலும் மாட்டி, அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு, திரும்பவும் ஏற்றம் ஏறுங்கள். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி காயில். பி0303 அசையாமல் அங்கேயே நின்றால் இன்ஜெக்டரையும் கம்ப்ரெஷனையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை விளக்கு கண் சிமிட்டும்போதெல்லாம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து மெதுவாக வாருங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தமாக்க வைத்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், அது உருகினால் ஆகும் செலவில் இரிடியம் ப்ளக் பெட்டி பெட்டியாக வாங்கலாம்.